தண்டுவட நீர் மாதிரியை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிய அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்

குழுவிலுள்ள பெற்றோருக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் வணக்கம். 8 வயதான என் அக்கா மகன், 7 மாதக் குழந்தையாக, தடுப்பூசிக்கான வயதை எட்டும் முன்பே மணல்வாரி அம்மை கண்டு குணமானவன். 2 மாதங்களாகப் படித்த பாடம் மறந்துபோகிறது; சாப்பிட உட்கார்ந்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை தலை சட்டென்று தொங்கி நிமிர்கிறது, கையிலிருக்கும் இட்லித் துண்டு நழுவி விழுகிறது. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. சோதனையைப் பார்த்த நரம்பியல் மருத்துவர், அம்மைக் கிருமி மூளையில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் எஸ்.எஸ்.பி.இ. நோயாக இருக்கலாம் என்கிறார்.

முதலில் ஓர் ஆய்வகத்தில் ரத்தத்தை மட்டும் சோதித்து ‘பாசிட்டிவ்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அம்மை வந்தவர்களுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் ரத்தத்தில் அம்மைக் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் பொதுவாகவே இருக்கும் என்பதால், அந்த முடிவால் எங்களுக்குப் பயனில்லை. ஒரே சமயத்தில் எடுத்த தண்டுவட நீரையும் ரத்தத்தையும் ஒப்பிட்டால்தான் அந்த எதிர்ப்பொருள் மூளைக்குள் உருவாகிறதா என்பது தெரியும்.

மாதிரிகளைத் திருச்சியிலிருந்து பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸுக்கு அனுப்ப எண்ணியுள்ளோம். ஐஸ் பெட்டியில் கூரியரில் அனுப்பினால் ஏற்கிறார்களா, அல்லது பிள்ளையை நேரில் அழைத்துச் செல்வதே நல்லதா? முடிவு வர எத்தனை நாளாயிற்று? தண்டுவட நீர் எடுக்க முதுகில் ஊசி போடும்போது பிள்ளையை எப்படித் தேற்றினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அக்கா அதை நினைத்தே இரவெல்லாம் உறங்காமல் இருக்கிறாள்.