ஸ்பிளெண்டர் பெட்ரோல் டேங்க் கழற்ற வரவில்லை, உள்ளே துருவும் இருக்கிறது: என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்க்காரன்

வணக்கம். வண்டி ஸ்பிளெண்டர் பிளஸ், 2012 மாடல், கார்புரேட்டர். பூட்டிய வீட்டு முகப்பில் 8 மாதம் நின்றது, டேங்கில் பாதிப் பெட்ரோலோடு. இப்போது ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இரண்டு மூன்று கிலோமீட்டரில் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் காப்பித்தூள் மாதிரிப் பொடி.

டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும். சீட்டை எடுத்தாச்சு, டேங்கின் பின்பக்க போல்ட்டையும் எடுத்தாச்சு. ஆனால் டேங்க் அசைகிறதே தவிர வெளியே வரவில்லை. பெட்ரோல் ஹோஸும் காக்கோடு (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) ஒட்டிக் கிடக்கிறது. முன்னால் வேறு போல்ட் இருக்கிறதா? துருவை எதைப் போட்டு எடுப்பது? வேலையை வளவிலேயே (வீட்டுக்குள் இருக்கும் திறந்த முற்றம்) வைத்துச் செய்யலாமா?

செம்மண்ரோடு

முதலில் இழுப்பதை நிறுத்துங்கண்ணே. முன்னால் போல்ட் கிடையாது. சேஸியில் ஹேண்டில் சேரும் கழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் வட்ட ரப்பர் ஒவ்வொன்று இருக்கும், டேங்கின் அடியில் உள்ள தகட்டுக் காடி அதில் சொருகி நிற்கும். நம்ம பக்கத்துச் செம்மண் தூசி அந்த இடைவெளியில் இறங்கி, வருஷக்கணக்கில் இறுகிப் போயிருக்கும். சோப்புத் தண்ணீரை இரண்டு ரப்பரிலும் ஊற்றி 10 நிமிஷம் விடுங்க. எண்ணெய் விட வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பிறகு நேராக இழுக்காமல், டேங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்டிக்கொண்டே பின்னால் வாங்குங்க.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது. பின்பக்கத்தை இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்க. பெட்ரோல் மீட்டர் புளோட்டிலிருந்து (டேங்க் உள்ளே அளவு காட்டும் மிதவை) வரும் ஒயர் கனெக்டர் அங்கேதான் இருக்கும். அதை எடுக்காமல் டேங்கை இழுத்தால் ஒயர் புளோட்டோடு சேர்ந்த இடத்தில் அறுந்துவிடும், புளோட்டையே மாற்ற வேண்டி வரும். கனெக்டரின் பூட்டை நகத்தால் அழுத்திக்கொண்டு பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுங்க, ஒயரைப் பிடித்து இழுக்காதீங்க. பேட்டரி நெகட்டிவையும் முதலிலேயே கழற்றி வையுங்க.

ஹோஸுக்கு: காக்கை ஆஃப்-இல் வைத்து, கிளிப்பை மூக்குப் பிளேயரால் அழுத்திக் கீழே நகர்த்துங்க. ஹோஸை முதலில் திருகுங்க, ஒட்டு விட்டபின் இழுங்க. திருகியும் வரவில்லை என்றால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துப் போட்டுவிடுங்க. ஹோஸ் விலை கொஞ்சம்தான். ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் காக்கின் மூக்கு வளையும், அப்புறம் எந்த ஹோஸ் போட்டாலும் கசியும். கடைக்குப் போகும்போது பழைய ஹோஸில் ஒரு துண்டைக் கையில் கொண்டு போங்க, உள்விட்டம் கண்ணால் பார்த்து வாங்க முடியாது.

வளவு வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். மேலே வானம் திறந்திருந்தாலும் முற்றம் சுற்றுத்தரையைவிடப் பள்ளம், ஆவி அங்கேயே தேங்கி நிற்கும். உள்ளே சாமி விளக்கு, பின்கட்டில் அடுப்பு. மைனஸ் 40 டிகிரியில்கூடத் தீப்பிடிக்கும் அளவு ஆவி விடும் பொருள் அது. வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் வையுங்க.

தேவகோட்டை ஸ்பேனர்

துருவுக்குப் போகும் முன் மூடியைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி பாதி மூடியுடையது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, மூடியில் உள்ள சிறு துளை வழியே காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்குவது நிற்கும். வண்டி அணைந்தவுடன் மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்று காற்று இழுத்து, பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் குளவி மண் வைத்து அடைத்துவிடுவது சாதாரணம். மெல்லிய கம்பியும் காற்றும் போதும்.

பெட்ரோலை வடிப்பது பற்றி: டேங்க் சேஸி மேல் குதிரைச் சேணம் போல உட்காருகிறது. காக் இடது பக்கம், அதனால் வலது தொடையில் இருப்பது தானாக வராது. காக்கை ரிசர்வ்-இல் வைத்து வடித்துவிட்டு, டேங்கை எடுத்தபின் இடது பக்கம் சாய்த்து மிச்சத்தை எடுங்கள். லிட்டருக்கு முக்கால் கிலோ கனம், 5 லிட்டர் உள்ளே கிடந்தால் தூக்கும்போது ஒரு பக்கமாகச் சரியும், பெயின்ட் கீறும். கேனைத் தரையில் வைத்தே வடியுங்கள், பிளாஸ்டிக் புனல் வேண்டாம், நிலைமின்சாரம் சேரும். 8 மாதப் பெட்ரோலை வார்னிஷ் வாசம் அடித்தால் வண்டியில் திரும்ப ஊற்றாதீர்கள். மழைத்தண்ணீர் போகும் வாய்க்காலில் கொட்டாதீர்கள், அது போய்ச் சேருமிடம் ஊருணி. ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

பின் போல்ட்டோடு வந்த வாஷர், ரப்பர், அதற்குள் இருக்கும் இரும்புப் புஷ் மூன்றையும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அந்தப் புஷ் இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி, என்ஜின் அதிர்வு நேராக டேங்கின் காதுக்கு (போல்ட் மாட்டும் தகடு) போகும், கொஞ்ச நாளில் காது வெடிக்கும்.

கழனிவாசல் காற்று

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோல் பம்ப் டேங்க் உள்ளேயே இருக்கிறது. ஹோஸில் அழுத்தம் 3 பார் அளவு. கார்புரேட்டர் வண்டி மாதிரி ஹோஸைப் பிடுங்கினால் முகத்தில் பீச்சும். பம்ப் கனெக்டரை எடுத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டு, தானாக அணையும்வரை விடுங்கள், பிறகு பேட்டரியை எடுத்து, துணியைச் சுற்றிக்கொண்டு ஹோஸைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டருக்குப் போகும் மெல்லிய குழாயும் இருக்கும், அது எங்கே சொருகியிருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள்.

காரைக்குடி ஆணி

துருவைப் பற்றி நான் சொல்கிறேன். அரிப்பு ஆராய்ச்சிக்கென்றே பேர்போன செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 1953 முதல் இருக்கிற ஊர் இது, ஆனாலும் டேங்கில் பாத்ரூம் ஆசிட் ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். செய்யாதீங்க. அது துருவோடு நல்ல தகட்டையும் தின்னும், மூட்டுகளைப் பலவீனமாக்கும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். முதலில் புளோட்டையும் காக்கையும் கழற்றி, அந்த ஓட்டைகளைப் பழைய சைக்கிள் டியூப் ரப்பரும் தகடும் வைத்து அடையுங்க. சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவி, பெட்ரோல் வாசம் போனபின் வேலையைத் தொடங்கணும். செதில் செதிலாகத் துரு இருந்தால் ஒரு முழம் பழைய செயினை உள்ளே விட்டு ஆட்டுங்க. கல்லோ நட்டோ போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும், செயின் என்றால் ஒரே பிடியில் வெளியே வரும்.

வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 80 கிராம் எலுமிச்சை உப்பு, 10 லிட்டருக்கு 800 கிராம். கழுத்துவரை நிரப்புங்க, காலியாக விட்ட இடத்தில் துரு அப்படியே நிற்கும். 12 மணி நேரம் வையுங்க. மூடியை இறுக்காதீங்க, குமிழி விட்டு ஹைட்ரஜன் வரும், தீ பக்கத்தில் இருக்கக் கூடாது. அமிலத்தை வடித்தபின் 10 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் ஆப்பசோடா கரைத்து 10 நிமிஷம் ஆட்டிக் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு அலசுங்க.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அலசிய தகடு கண் முன்னாலேயே ஆரஞ்சு நிறம் ஏறும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்த உடனே காற்றடித்து, வெயிலில் காய வைத்து, அன்றைக்கே 100 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்) ஊற்றி டேங்கை எல்லாப் பக்கமும் உருட்டிவிடுங்க. அது பெட்ரோலில் கரையும், கெடுதல் இல்லை.

டேங்கை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைக்காதீங்க. அது சிமென்ட் கல், ஒரு சொட்டு எலுமிச்சை உப்பு விழுந்தாலும் பளபளப்பு போய் வெள்ளைத் தழும்பு நிற்கும், எந்த எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் மாறாது. பழைய டயர் மேல் சாக்கு விரித்து வையுங்க.

பள்ளத்தூர்க்காரன்

மூடியைத் திறந்தபோது "உஸ்" என்றுதான் வந்தது, துளையில் மண்தான். சோப்புத் தண்ணீர் வேலை செய்தது, டேங்க் வெளியே. துருவும் போய்விட்டது. ஆனால் புளோட்டின் ரப்பர் வளையம் பெரிதாகிவிட்டது, காடியில் உட்காரவில்லை. புதுசு வாங்க வேண்டுமா?

செம்மண்ரோடு

பெட்ரோல் குடித்து ஊதியிருக்கு. ஒரு நாள் நிழலில் காயவிடுங்க, பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வெடிப்பு இருந்தால் மட்டும் புதுசு. ஹோஸ் வாங்கும்போது இ20 பெட்ரோலுக்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) தாங்குமா என்று கேட்டு வாங்குங்க, 2012 மாடல் ரப்பர் அவ்வளவு எத்தனாலுக்குச் செய்ததில்லை. டேங்க் வெளியே இருக்கும்போதே சேஸி மேல் ஓடும் ஒயர் கட்டையும் தடவிப் பாருங்க. பூட்டிய வீட்டில் எலி கடித்திருந்தால் இப்போதுதான் தெரியும்.

மாட்டியபின் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, கேபிள் எதுவும் டேங்குக்கு அடியில் நசுங்கவில்லை என்று உறுதி செய்யுங்க. அரை லிட்டர் மட்டும் ஊற்றி, காக்கை ரிசர்வ்-இல் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து 15 நிமிஷம் பாருங்க. தாள் காய்ந்தே இருந்தால் மீதியை ஊற்றலாம்.