யூஸ்டு கார்: காலை ஸ்டார்ட்டில் செயின் சத்தம், எடுக்கலாமா?

டீலரிடம் பார்த்து வைத்திருக்கும் காரை எடுப்பதா விடுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. 2017 மாடல், 1.4 டர்போ பெட்ரோல், மேனுவல், ஓடோமீட்டரில் 71,000 கி.மீ. முன்பணம் கொடுக்கவில்லை, வெள்ளிக்கிழமை வரைதான் பிடித்து வைப்பார்களாம்.

இரவு முழுக்க நின்ற இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் 2–3 விநாடிக்கு டைமிங் செயின் (கிராங்க் ஷாஃப்டையும் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் சங்கிலி) பக்கம் கடகடவென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. சூடான இன்ஜினில் எதுவுமே கேட்காது. முதலில் பார்க்கப் போனபோது பானெட் சூடாக இருந்தது; நான் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

ஓபிடி ஸ்கேனரில் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஃபால்ட் கோடு இல்லை. ஆனால் கேட்டலிஸ்ட், ஈவாப் ரெடினஸ் மானிட்டர்கள் (புகைச் சுத்திகரிப்பையும் பெட்ரோல் ஆவி அமைப்பையும் கார் தானே செய்துகொள்ளும் சோதனைகள்) முடியாமல் நிற்கின்றன. சமீபத்தில் கோடுகளை அழித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். பேட்டரி புதுசுதான், அதனால் அந்தச் சாக்கையும் தள்ள முடியவில்லை. ஆயில் அளவு சரி. சர்வீஸ் ரெக்கார்டில் 28,000-க்கும் 52,000-க்கும் நடுவே ஆயில் மாற்றிய பதிவே இல்லை. செயின் டென்ஷனர் (செயினை இறுக்கமாக வைக்கும் பாகம்) ஆயில் பிரஷரில் வேலை செய்வது என்பதால் இதுதான் உறுத்துகிறது. பெயின்ட் கேஜில் (பெயின்ட் தடிமனை அளக்கும் கருவி) எல்லாப் பேனலும் 110–130 மைக்ரான், பெரிதாக அடிபட்டதாகத் தெரியவில்லை.

லைவ் டேட்டாவில் கேம்–கிராங்க் கோரிலேஷன் (இரண்டு ஷாஃப்டும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் சுற்றுகின்றனவா என்பது) பார்க்க முயன்றேன். என் ஸ்கேனர் அதைக் காட்டவில்லை. டைமிங் கவரைத் திறக்க டீலர் சம்மதிக்கவில்லை, "டென்ஷனர் மட்டும் மாற்றித் தருகிறோம்" என்கிறார்.

கவரைத் திறக்காமலேயே, செயின் நீண்டுவிட்டதா, டென்ஷனர் மட்டும்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்ய வழி உண்டா?