ஓப்பன் ஷேடு: ‘திறந்த நிழல்’ போதுமா?

நண்பர்களே,

நம் ஒளிப்படக் கலைச்சொல் பட்டியலில், உச்சிவெயிலில் ஆட்களைப் படம் எடுப்பது பற்றிய பகுதியில் ‘ஓப்பன் ஷேடு’ (open shade) என்பதற்குத் ‘திறந்த நிழல்’ என்று இருக்கிறது. மாற்றிவிடலாம் என்பது என் கருத்து. திறந்திருப்பது நிழல் அல்ல, எதிரே உள்ள வானம். இந்த நிழலில் நிற்கும் ஆள்மீது வெயில் நேராக விழுவதில்லை. முகத்துக்கு ஒளி தருவது விரிந்த வானப்பரப்பு. அது அவ்வளவு பெரியதாக இருப்பதால்தான் மூக்கின் நிழலும் தாடையடிக் கருமையும் கரைகின்றன.

‘திறந்த நிழல்’ என்று படிப்பவர் மரத்தடியையும் அதில் சேர்த்துவிடுவார். அங்கே இலை இடுக்கு வழியாக வெயில் பொட்டுப்பொட்டாக முகத்தில் விழும். பொட்டின் ஒளியை அளந்து கேமராவை அமைத்தால் முகம் கருக்கும். முகத்துக்கு அளந்தால் பொட்டு வெளுத்து, தோலின் விவரமே போய்விடும். பிறகு கணினியில் மீட்க முடியாது.

என் பரிந்துரை: வானிழல்.

----

> என் பரிந்துரை: வானிழல்.

வானத்தின் நிழல் என்று பொருள்பட்டுவிடாதா? ‘விளிம்பு நிழல்’ என்றால் எங்கே நிற்பது என்பதும் சொல்லிலேயே வந்துவிடும். நிழற்கோட்டிலிருந்து ஓரிரண்டு அடி உள்ளே நிற்க வேண்டும். மேலும் உள்ளே போகப்போக ஒளி குறையும், கண்ணில் தெரியும் வெள்ளைப்பொட்டும் சுருங்கும்; அது இல்லாத கண் உயிரற்றுத் தெரியும். கோட்டை ஒட்டியே நிறுத்தினாலும் தொல்லைதான்: தலையைக் கொஞ்சம் சாய்த்தால் முடியிலும் தோளிலும் வெயில் ஏறிவிடும்.

----

ஐயா,

‘விளிம்பு’ நிற்கும் இடத்தைச் சொல்கிறது, எந்தப் பக்கம் பார்ப்பது என்பதைச் சொல்லவில்லை. விளிம்பில் நின்றுகொண்டு உட்பக்கம் முகம் திருப்பினால் வெளிச்சம் பிடரியில்தான் விழும். ‘வான்’ என்று தொடங்கும் சொல் முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்கிறது. வான்+நிலை வானிலை ஆனதுபோல் வான்+நிழல் வானிழல். புணர்ச்சியில் சிக்கல் இல்லை. பழந்தமிழில் நிழலுக்கு ஒளி என்ற பொருளும் உண்டு என்பது கூடுதல் சுவை.

ஆனால் நீங்கள் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. நண்பகலில் வெறும் சுவரின் நிழலில் நின்றால் தலைக்கு மேலும் வானம்தான். ஒளி மென்மையாகும், ஆனாலும் மேலிருந்தே இறங்கும்; கண்குழி முழுதாகத் தெளியாது. மேலே கூரை, முன்னே வானம் என்று அமைந்தால் உச்சி ஒளி மறைந்து முன்னொளி மட்டும் எஞ்சும். ஆட்களுக்கு இதுதான் வேண்டும். எனவே வானிழல் பொதுச்சொல்லாகவும், ‘தாழ்வார நிழல்’ அதன் உட்பிரிவாகவும் இருக்கட்டும்.

விளக்கக் குறிப்பில் அளவுகளும் வர வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் 1/100 நொடி என்றால் லென்ஸ் துளையளவு வெயிலில் எஃப்/16, வானிழலில் ஏறத்தாழ எஃப்/5.6. மூன்று ஸ்டாப் வேறுபாடு; ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும், ஆகவே எட்டில் ஒரு பங்கு ஒளி. ஆளுக்குப் பின்னால் வெயில் பட்ட தரை இருந்தால் அது மூன்று ஸ்டாப் மிகையாகி வெளுக்கும். பின்னணியும் நிழலுக்குள் இருக்குமாறு கோணம் பார்க்க வேண்டும். நீலவானத்தின் ஒளி என்பதால் தோல் நீலம் பூக்கும். கேமராவின் நிறச் சமநிலையை (வொயிட் பேலன்ஸ்) வெயிலுக்கு 5,500 கெல்வின் வைத்திருந்தால் இங்கே 7,000 முதல் 8,000 வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

----

உட்பிரிவு நல்ல தீர்வு. ‘விளிம்பு நிழல்’ கோரிக்கையை விட்டுவிடுகிறேன், விளக்கத்தில் அந்த ஓரிரண்டு அடி இடம்பெற்றால் போதும்.

ஒரு திருத்தம்: ஒளி வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. எதிரே வெயில் பட்ட வெளிர்நிறச் சுவர் இருந்தால் அது நீலவானத்தைவிடப் பிரகாசமாக இருக்கும், நீலச்சாயலும் குறையும். அதுவே செங்கல் சுவரானால் முகம் சிவக்கும்; புல்தரையானால் தாடையடியில் பச்சை ஏறும். கெல்வினை மாற்றினால் இந்தப் பச்சை போகாது. நிறத்தைப் பச்சைக்கு எதிர்நிறமான மஜென்டா பக்கம் நகர்த்தினால் முகத்தின் மேற்பகுதி கெட்டுவிடும். ஆளை நகர்த்துவதே வழி. ஆகவே ‘வானம் அல்லது வெயில் பட்ட வெளிர்ப்பரப்பு’ என்று வரையறையில் சேருங்கள்.

மரத்தடிப் பொட்டுவெயிலுக்குச் ‘சல்லடை நிழல்’ என்று தனிப் பதிவு இடலாமா? அதை வானிழலோடு குழப்பிக்கொள்வதுதான் அதிகம்.