புது வீட்டில் சிம்னித் துளை எந்தச் சுவரில், காற்று உள்ளே வரும் வழி எங்கே?

கேள்வி – பொள்ளாச்சி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்கு அருகே 30க்கு 40 அடி மனையில், கிழக்குப் பார்த்த வாசலுடன் தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சுவர் வேலை லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் விட்டம்) மட்டத்துக்கு வந்துவிட்டது. வாஸ்துப்படி சமையலறை தென்கிழக்கு மூலையில், 12க்கு 10 அடி அளவில் அமைகிறது. ஆகவே அதற்குக் கிழக்கும் தெற்கும் மட்டுமே வெளிச்சுவர்கள். அடுப்பு மேடை கிழக்குச் சுவரையொட்டி வருவதால் சிம்னித் துளையையும் அதே சுவரில் விட்டுவிடலாம், குழாய் வளையாமல் நேராக வெளியேறும் என்கிறார் மேஸ்திரி. ஆனால் அதற்கு நேர் மேலே முதல் மாடிப் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது. தெற்கே எங்களுக்கு 3 அடி சந்தும், அதையடுத்துப் பக்கத்து வீட்டுச் சுவரும் இருக்கின்றன. வடமேற்கு மூலைக் குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மேற்குச் சுவரில் இடம் குறித்திருக்கிறார்கள். இவை சரியான இடங்கள்தானா? காற்று உள்ளே வருவதற்கென்று தனியாக வழி விட வேண்டுமா?

பதில் – கட்டுமானப் பொறியாளர், கோவை

வணக்கம். உங்கள் ஊரில் இதைத் தீர்மானிக்க வேண்டியது காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற ஊரில், காற்று நேரே மோதும் மேற்குச் சுவரில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனை வைத்தால், அது தள்ளும் காற்றைவிட வெளியிலிருந்து திரும்பி வரும் காற்றே அதிகமாக இருக்கும். குளியலறை ஃபேனை வடக்குச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். காற்று மோதும் சுவரில் அழுத்தம் கூடும். பக்கவாட்டுச் சுவர்களிலும் காற்றுக்கு மறைவான சுவரிலும் அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்றை வெளிநோக்கி இழுக்கும்.

சிம்னிக்கும் இதே கணக்குதான். கிழக்குச் சுவர் ஆடியில் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று மழைச் சாரலோடு அதே துளையில் அடிக்கும். தெற்குச் சுவரோ மேற்குக் காற்றுக்குப் பக்கவாட்டிலும், வடகிழக்குக் காற்றுக்கு மறைவிலும் இருக்கிறது. மேலும், தாளிக்கும் புகை சூடாக இருப்பதால் சுவரை ஒட்டியே மேலேறும். கிழக்கில் விட்டால் அது நேராக உங்கள் படுக்கையறைக்குள் போகும். என் யோசனை: அடுப்பைக் கிழக்கு மேடையிலேயே தெற்கு மூலைப் பக்கமாகத் தள்ளி அமைத்து, ஒரே ஒரு வளைவோடு குழாயைத் தெற்குச் சுவர் வழியாக வெளியே விடுங்கள். ஒரு வளைவால் பெரிய இழப்பில்லை. ஆனால் 6 அங்குலக் குழாயை எந்த இடத்திலும் 4 அங்குலமாகச் சுருக்க விடாதீர்கள். பரப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

பதில் – ஈரோடு வாசகி

பொறியாளர் ஐயா சொன்ன திசை சரி என்றாலும், 3 அடிச் சந்தில் புகையை விடுவது எனக்கு உறுத்துகிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் விட்டார்கள். இரண்டு சுவர்களுக்கு நடுவே புகை கலையாமல் தங்கி, எதிர்ச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு வழிந்து, பக்கத்து வீட்டார் அந்தப் பக்கத்து ஜன்னலையே திறப்பதில்லை. எனவே துளையைத் தெற்குச் சுவரின் கிழக்குக் கோடியில், சந்து வாசல் பக்கம் திறக்கும் இடத்தில் வையுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் எங்கே இருக்கிறது என்று துளையிடும் முன் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே வரும் காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுதான். உங்கள் சமையலறை 10 அடி உயரம் என்றால் மொத்தம் 1200 கன அடி, அதாவது ஏறக்குறைய 34 கன மீட்டர். கடையில் விற்கும் சிம்னியின் இழுதிறன் மணிக்கு 1200 கன மீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அப்படியானால் அறையின் காற்று முழுவதும் மணிக்கு சுமார் 35 தடவை மாற வேண்டும். கதவையும் ஜன்னலையும் மூடிவிட்டுச் சமைத்தால் அந்தக் காற்று எங்கிருந்து வரும்? சத்தம் மட்டும் கேட்கும், புகை அப்படியே நிற்கும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் காற்று உள்ளே வருவதாக வைத்துக்கொண்டாலும் 2 சதுர அடிக்குச் சற்றுக் குறைவான திறப்பு வேண்டும். கொசுவலை போட்டால் காற்று குறையும் என்பதால் 3 சதுர அடியாக விடுங்கள். கிழக்கு ஜன்னலில் ஒரு பகுதி எப்போதும் திறந்திருக்கும்படி லூவர் (சாய்வான பட்டைகள் கொண்ட திறப்பு) வைக்கலாம். ஆடி மாதத்தில் ஹாலின் மேற்கு ஜன்னல் வழியாக வரும் காற்றே போதும், சமையலறைக்கு கதவு போட்டு அடைக்காமல் இருந்தால். உள்ளே வரும் வழியைச் சிம்னிக்குப் பக்கத்திலேயே வைத்துவிடாதீர்கள். புகையைத் தொடாமலேயே காற்று குறுக்கு வழியில் வெளியேறிவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்களைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேலே எத்தனை வென்டிலேட்டர் வைத்தாலும் அதற்கு உதவாது. சிலிண்டர் நிற்கும் மேடைக்கு அடியில், தரையை ஒட்டி வெளிச்சுவரில் ஒரு கிரில் திறப்பு விட்டு, எலி நுழையாதபடி கம்பி வலை போடுங்கள். கேஸ் கீசர் வாங்கும் எண்ணம் இருந்தால் அதைக் குளியலறைக்கு உள்ளே பொருத்தவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் குளித்தவர்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஃபேனை வடக்குக்கும், சிம்னித் துளையைத் தெற்குச் சுவரின் கிழக்குக் கோடிக்கும் மாற்றச் சொல்லிவிட்டேன். துளையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? சுவர் கட்டிய பிறகு கோர் கட்டிங் (இயந்திரத்தால் வட்டமாகத் துளையிடுவது) செய்துகொள்ளலாமா?

பதில் – கட்டுமானப் பொறியாளர், கோவை

சந்தின் கோடியில் விடச் சொன்ன அந்தத் திருத்தத்தை நானும் ஏற்கிறேன். பிறகு துளையிட வேண்டாம், சிம்னிக் குழாய் நுழைவதற்கான ஸ்லீவ் பைப்பை (உறைக் குழாயை) இப்போதே சுவரோடு சேர்த்து வைத்துக் கட்டிவிடுங்கள். 7 அடியில் லிண்டல் தொடங்கி அதன் கனம் அரை அடி என்றால், துளையின் நடுப்புள்ளி தரை முடிந்த மட்டத்திலிருந்து 8 அடியில் வரட்டும். லிண்டலுக்கு மேலும் ரூஃப் பீமுக்குக் கீழும் செங்கல் வேலைக்குள்ளேயே அது நின்றுவிடும், கம்பியை வெட்டும் தேவை வராது. டைல்ஸ் கனத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். பைப்பை வெளிப்பக்கம் சற்றே சரிவாக வைத்தால் சாரல் உள்ளே வராது, குழாயில் சேரும் எண்ணெயும் சிம்னிக்குத் திரும்பாது. வெளி முனையில் காற்றுக்குத் திறந்து மூடும் இதழ் மூடி போடலாம். கொசுவலை மட்டும் வேண்டாம், சில மாதங்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அடைத்துவிடும்.

செப்டிக் டேங்க் மேற்குப் பக்கம் வருவதாக இருந்தால், அதன் ஏர் பைப்பை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே ஏற்றிவிடுங்கள். கீழேயே நிறுத்தினால் ஆடிக் காற்று அந்த வாடையை உங்கள் ஹால் ஜன்னல் வழியாகத்தான் கொண்டுவரும்.