விடுபடு வேகத்தில் பாதி கொடுத்தால் எவ்வளவு உயரம் போகும்?

ஸ்ரீராமபுரம் டெய்லர்:

வணக்கம். பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து பி.எஸ்சி. பிசிக்ஸ், தமிழ் மீடியம். மகள் ஃபர்ஸ்ட் பி.யு.சி., அதாவது பிளஸ் ஒன், படிக்கிறாள். வரமகாலட்சுமி பண்டிகைக்கு ஜாக்கெட் துணி குவிந்து கிடக்கிற நேரம் பார்த்து, கட்டிங் டேபிளில் நோட்டை விரித்துவிட்டாள். அவள் பொட்டன்ஷியல் எனர்ஜி என்கிறாள், நான் நிலை ஆற்றல் என்கிறேன். பாதிச் சண்டை அங்கேயே.

கணக்கு இதுதான். பூமியின் இழுப்பிலிருந்து ஒரேயடியாகத் தப்பிப் போகத் தேவையான வேகம்தான் விடுபடு வேகம். பூமியிலிருந்து ஒரு பொருளை அதில் பாதி, அதாவது நொடிக்கு 5.6 கி.மீ. வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். எவ்வளவு உயரம் போகும்? காற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம். இயக்க ஆற்றல் முழுவதும் நிலை ஆற்றலாக, அதாவது எம்ஜிஹெச் (நிறை × ஜி × உயரம்) ஆக மாறும் என்று சாக்பீஸால் டேபிளிலேயே போட்டேன். பூமியின் ஆரத்தில் நாலில் ஒரு பங்கு, சுமார் 1,590 கி.மீ. வந்தது. புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு, 2,120 கி.மீ. என்றிருக்கிறது. ஆற்றல் அழியாது என்றுதானே நானும் போட்டேன், எங்கே பிசகியது?

ஒயிட்ஃபீல்ட் வாசி:

அண்ணே, காற்றை விட்டது நல்லதாய்ப் போயிற்று. அந்த வேகத்தில் எறிந்தால் எரிந்துவிடும். தப்பு எம்ஜிஹெச்சில்தான். ஜி, அதாவது பூமி இழுக்கிற முடுக்கம், எங்கேயும் 9.8 என்று வைத்துவிட்டீர்கள். புத்தகம் சொல்கிற உயரத்தில் அது வெறும் 5.5. இழுப்பு குறையக் குறைய பொருள் கூடுதலாகத்தான் ஏறும்.

மல்லேஸ்வரம் மாமி:

முப்பது வருடம் இந்தப் பாடம் எடுத்தவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். விதி சரி, நீங்கள் போட்ட நிலை ஆற்றல்தான் தப்பு. எம்ஜிஹெச் கிட்டத்துக்கு மட்டும். நந்தி மலை உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர். பூமியின் ஆரத்தில் அது நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அங்கே தாராளமாகப் போடலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றால் மைனஸ் ஜிஎம்எம் பை ஆர் (−GMm/r). பெரிய ஜி ஈர்ப்பு மாறிலி, பெரிய எம் பூமியின் நிறை, சின்ன எம் பொருளின் நிறை. இந்த ஆர் பூமியின் மையத்திலிருந்து எடுக்கிற தூரம்.

பிள்ளைகள் அந்த மைனஸைப் பார்த்துத்தான் மிரளும். கடன் என்று சொல்லிப் பாருங்கள். தரையில் கிடக்கிற ஒவ்வொரு கிலோவும் பூமிக்கு 62.5 மெகாஜூல் கடன்பட்டிருக்கிறது. கரண்ட் பில் பாஷையில் 17 யூனிட் சொச்சம். முழுக்கடனையும் ஒரே மூச்சில் அடைக்கிற வேகம்தான் விடுபடு வேகம், 11.2 கி.மீ. வேகம் பாதியானால் இயக்க ஆற்றல் பாதியல்ல, கால் பங்கு.

ஆக, கடன் 4 பங்கு, கையிருப்பு 1 பங்கு. உச்சியில் வேகம் பூஜ்யம், கையிருப்பு காலி, மீதிக் கடன் 3 பங்கு. கடன் மையத்திலிருந்து உள்ள தூரத்துக்குத் தலைகீழாகப் போகும். கடன் முக்கால் ஆனால் தூரம் பூமியின் ஆரத்தைப்போல் மூன்றில் நாலு (4/3) மடங்கு. அதில் ஒரு ஆரம் பூமிக்குள்ளேயே போய்விடுகிறது. மிச்சம் மூன்றில் ஒரு பங்கு. பொருளின் நிறை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் குண்டூசியானாலும் தையல் மெஷினானாலும் ஒரே உயரம்தான்.

ஸ்ரீராமபுரம் டெய்லர்:

கடன் என்றதும் எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது, மேடம். மகள் விடவில்லை. நேர் மேலே இல்லாமல் சாய்வாக எறிந்தால் உச்சியில் வேகம் பூஜ்யமாகாதே, அப்போது என்ன செய்வது என்கிறாள்.

மல்லேஸ்வரம் மாமி:

கெட்டிக்காரப் பெண். அங்கே ஆற்றல் மட்டும் போதாது, கோண உந்தத்தையும், அதாவது சுற்றுகிற பொருளின் மாறாத சுழல் உந்தத்தையும், துணைக்கு அழைக்க வேண்டும். 2023 ஜூலை 14 அன்று ஏவிய சந்திரயான்-3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றுப்பாதை கிட்டத்தில் 170 கி.மீ., எட்டத்தில் 36,500 கி.மீ. இரண்டு இடத்திலும் வேகம் தெரியாது. ஆற்றல் ஒரு சமன்பாடு. தூரத்தையும் வேகத்தையும் பெருக்கினால் இரண்டு இடத்திலும் ஒன்றே என்பது இன்னொன்று. இந்தப் பெருக்கல் அந்த இரண்டு முனைகளுக்குத்தான் பொருந்தும். அங்கே மட்டும்தான் வேகம் பூமியின் மையத்திலிருந்து வரைகிற கோட்டுக்குச் செங்குத்து, நடுவழியில் போட்டால் தப்பாகிவிடும். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் கிட்டத்தில் நொடிக்கு 10.28 கி.மீ. வருகிறது. எட்டத்தில் எவ்வளவு என்று மகளே போடட்டும்.

ஸ்ரீராமபுரம் டெய்லர்:

ராத்திரி பதினொன்றரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டுப் போட்டோம். முதலில் நொடிக்கு 48 மீட்டர் வந்தது. மணிக்கு 170 கி.மீ. சொச்சம், ரயிலே கிட்டத்தட்ட அந்த வேகத்தில் போகிறதே என்று சிரித்தாள். பார்த்தால் 170ஐயும் 36,500ஐயும் அப்படியே போட்டிருக்கிறேன், பூமியின் ஆரத்தைச் சேர்க்கவில்லை. தையலுக்குத் துணி விடாமல் ஜாக்கெட் வெட்டின கதைதான். சேர்த்ததும் 1.57 கி.மீ. வந்தது. சரிதானே மேடம்?

மல்லேஸ்வரம் மாமி:

சரி. டேபிளை அழித்துவிடுங்கள், காலையில் யாருடைய அளவோ என்று நினைத்து வெட்டிவிடப் போகிறீர்கள்.