ஸ்னூக்கர்ல ப்ரெசெல் கால் இறுதி வரைக்கும் வந்தும் டாப் 16ல இல்லையே, ரேங்கிங் கணக்கு யாராச்சும் புரியற மாதிரி சொல்லுங்க

ராத்திரிப்பறவை

மக்களே, நான் ஸ்னூக்கர் பாக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, உலக சாம்பியன்ஷிப் நடக்குற ஷெஃபீல்டுல சாயங்கால செஷன் ஆரம்பிக்கும்போது நமக்கு ராத்திரி பதினொன்றரை, வீட்ல எல்லாரும் தூங்கினதுக்கப்புறம் சவுண்ட முழுசா கொறச்சு வச்சுட்டு பாக்குற கேஸு. அதனால கமென்ட்ரில சொல்றது பாதி காதுல விழாது, அப்புறம் இங்க வந்துதான் கேக்கணும்.

விஷயம் என்னன்னா, 2025 உலக சாம்பியன்ஷிப்ல லூகா ப்ரெசெல் கால் இறுதி வரைக்கும் வந்து ஜட் ட்ரம்ப்கிட்ட 13-8ல தோத்தாரு. கால் இறுதின்னா நல்ல ரிசல்ட்தானே? ஆனா போட்டி முடிஞ்சு லிஸ்ட்ட பாத்தா ஆள் டாப் 16லயே இல்ல. கைரன் வில்சன் முதல் ரவுண்டுலயே லெய் பெய்ஃபான்கிட்ட 10-9ல தோத்துட்டு வீட்டுக்கு போனாரு, அவரு மட்டும் மேலயே ஜம்முனு இருக்காரு. தோத்தவன் மேல, ஜெயிச்சவன் கீழயா? எனக்கு மண்டை காயுது.

நீலச்சாக்

ப்ரோ, ஸ்னூக்கர்ல பாயிண்ட்னு தனியா ஒன்னும் கிடையாது. பிரைஸ் மணிதான் பாயிண்ட், ஒரு பவுண்டுக்கு ஒரு பாயிண்ட், 2014-15 சீசன்லருந்து இப்படித்தான். ரெண்டு வருஷ காச கூட்டி வச்சிருப்பாங்க, இந்த வருஷ போட்டி காசு உள்ள வரும்போது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அதே போட்டில வாங்கினது கழண்டு போயிடும்.

இப்ப ப்ரெசெல் கதைக்கு வாங்க. 2023ல அந்தாளு சாம்பியன். அது வரைக்கும் க்ரூசிபிள்ல (உலக சாம்பியன்ஷிப் நடக்குற ஷெஃபீல்டு அரங்கம்) ஒரு மேட்ச்கூட ஜெயிச்சதில்ல, அந்த வருஷம் செமில சி ஜியாஹுய்கிட்ட 5-14ன்னு கவுந்து கிடந்தவரு 17-15ன்னு எந்திரிச்சு வந்து ஃபைனல்ல மார்க் செல்பிய 18-15ல அடிச்சாரு. அதுக்கு 5,00,000 பவுண்டு, ரேங்கிங்ல நேரா ரெண்டாவது இடம். அடுத்த வருஷம் 2024ல முதல் ரவுண்டுலயே டேவிட் கில்பர்ட்கிட்ட 10-9ல அவுட். அதுக்கு பாயிண்ட் எவ்ளோ தெரியுமா? பூஜ்யம். சீடு வாங்கி, அதாவது குவாலிஃபையிங் ஆடாம நேரடியா உள்ள வர்ற 16 பேர்ல யாரு முதல் மேட்ச்ல தோத்தாலும் அந்த 20,000 பவுண்டு பேங்க்குக்கு போகும், ரேங்கிங்குக்கு வராது. 2025ல கால் இறுதிக்கு 50,000 உள்ள வந்துச்சு, அதே நேரம் 2023 காசு 5,00,000 வெளிய போச்சு. நாலரை லட்சம் அப்படியே அம்போ.

கைரன் விஷயம் வேற. அவரு 2024 சாம்பியன், அந்த அஞ்சு லட்சம் 2026 வரைக்கும் அவர் கணக்குல பத்திரமா இருக்கும். அதோட 2024-25 சீசன்ல சியான், நார்தர்ன் அயர்லாந்து ஓபன், ஜெர்மன் மாஸ்டர்ஸ், பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்னு நாலு பட்டம் வேற.

கருப்பு_ஏழு

நீலச்சாக் அண்ணன் கணக்கு சரி, ஆனா முறை சரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். காசு பாயிண்ட் ஆனதுல இருந்து ஒரே ஒரு போட்டி மொத்த லிஸ்ட்டையும் தூக்கி சாப்புடுது. 2019ல கொச்சில நடந்த இந்தியன் ஓபனுக்கு நான் நேர்ல போயிருந்தேன். ஹால்ல ரெஃப்ரி வெள்ளை கிளவுஸ் போட்ட கைல கருப்பு பந்த தொடச்சு அதோட இடத்துல வைக்கிற சத்தம்கூட கேக்குது, அவ்ளோ அமைதி, ஆடறவரு தூரத்து பந்த பாக்கெட்ல போட சரியா குனியும்போது எனக்கு பின்னாடி ஒருத்தரு போன் அடிச்சு அவரு எடுத்து "மேட்ச்ல இருக்கேன்"னு பதில் வேற சொல்றாரு, அத விடுங்க. மேத்யூ செல்ட் அங்கதான் ஃபைனல்ல லியு ஹாவ்டியன 5-3ல ஜெயிச்சு தன்னோட முதல் ரேங்கிங் பட்டத்த வாங்கினாரு. பரிசு 50,000. அதாவது ஒரு போட்டிய முழுசா ஜெயிச்சவருக்கும் க்ரூசிபிள்ல கால் இறுதில தோத்தவருக்கும் ஒரே பாயிண்ட்! இது என்ன நியாயம்னு நீங்களே சொல்லுங்க.

நீலச்சாக்

நியாயம் பாத்தா கொச்சில ஃபைனலே அதிகபட்சம் ஒன்பது ஃபிரேம்தான் (ஃபிரேம்னா மேட்ச்சுக்குள்ள ஒரு தனி ஆட்டம்). க்ரூசிபிள்ல முதல் ரவுண்டுக்கே 10 ஃபிரேம் எடுக்கணும், அப்புறம் 13, மறுபடி 13, செமிக்கு 17, ஃபைனலுக்கு 18. பதினேழு நாள் கூத்து. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க தம்பி. ஆனா சவுதி மாஸ்டர்ஸுக்கும் 5,00,000 வச்சாங்க பாருங்க, 2024ல ட்ரம்ப் மார்க் வில்லியம்ஸ 10-9ல அடிச்சு வாங்கினது, அங்க உங்க கோபம் நியாயம். யாரு பணம் போடறாங்களோ அவங்க போட்டி பெருசாயிடுது, அது எனக்கும் உறுத்துது.

மூலைப்பை

ப்ரெசெலுக்கே இவ்ளோ ஃபீல் பண்றீங்க, நீல் ராபர்ட்சன் கதை தெரியுமா? 2021-22 சீசன்ல மனுஷன் இங்கிலிஷ் ஓபன், பிளேயர்ஸ், டூர் சாம்பியன்ஷிப்னு வரிசையா அடிச்சாரு. ரெண்டு வருஷம் கழிச்சு அதெல்லாம் ஒன்னு ஒன்னா கழண்டுச்சு, புதுசா ஒன்னும் வரல, டாப் 16ல இருந்து வெளிய வந்து 2024ல குவாலிஃபையிங் ஆட வேண்டியதா போச்சு. கடைசி ரவுண்டுல ஜேமி ஜோன்ஸ்கிட்ட 10-9. ஒரு ஃபிரேம்ல க்ரூசிபிளே போச்சு. உலக சாம்பியனா இருந்தவரு, இங்கிலிஷ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஸ்போர்ட்ல குவாலிஃபையிங் ஆடிட்டு மெயின் போட்டிய டிவில பாக்குற நிலைமை. அதே 2022 ஜனவரில மாஸ்டர்ஸும் ஜெயிச்சாரு, ஆனா மாஸ்டர்ஸ் டாப் 16க்கு மட்டும் அழைப்பு குடுக்குற போட்டி, அதுல ஒரு பாயிண்ட்கூட கிடையாது. நல்லவேளை 2024 செப்டம்பர்ல மறுபடி இங்கிலிஷ் ஓபன் ஜெயிச்சு திரும்ப மேல வந்தாரு.

இதுல டாப் 16க்காவது மரியாதை மிஞ்சும், கீழ இருக்கவங்க பாடுதான் திண்டாட்டம். டூர்ல கார்டு, அதாவது புரொஃபஷனலா ஆட அனுமதி, ரெண்டு வருஷத்துக்கு, புதுசா வர்றவன் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும், ரெண்டாவது வருஷம் முடியும்போது 64க்குள்ள இல்லைன்னா பெரும்பாலும் கார்டு காலி, மறுபடி க்யூ ஸ்கூல்ல (டூர் கார்டுக்கான தகுதிப் போட்டி) போய் வரிசைல நிக்கணும். நான் சீசன் கடைசில 1வது இடத்த பாக்குறதவிட 60ல இருந்து 70 வரைக்கும் யாரு இருக்காங்கன்னுதான் பாப்பேன், நிஜ சண்டை அங்கதான் நடக்குது.

ராத்திரிப்பறவை

இப்ப புரியுது, நன்றி எல்லாருக்கும். அப்ப ஜாவ் ஷின்டாங்? அவரு அமெச்சூரா வந்துதானே 2025ல உலக சாம்பியன் ஆனாரு, அவருக்கு ரேங்கிங்கே இல்லையே.

நீலச்சாக்

ஆமா, அதுதான் இதுல பெரிய வேடிக்கை. தடை முடிஞ்சு வந்தவரு, குவாலிஃபையிங்ல நாலு மேட்ச், செமில 'ராக்கெட்' ரோனி ஓ'சல்லிவன 17-7, அதுல ஒரு செஷன் எட்டு ஃபிரேமும் அவருக்கே, நம்ம ரோனிக்கு ஒன்னுகூட இல்ல. ஃபைனல்ல அம்பது வயசு வில்லியம்ஸ 18-12. ஆனா அமெச்சூர்னால லிஸ்ட்ல பேரே கிடையாது. அடுத்த சீசன் டூர் கார்டோட உள்ள வரும்போது அந்த அஞ்சு லட்சமும் கூட வருது, ஒரே நாள்ல பதினொன்னாவது இடம். மத்தவன் பூஜ்யத்துல இருந்து ஏறுவான், இவரு லிஃப்ட்ல வந்து இறங்குறாரு.

கருப்பு_ஏழு

அப்ப 2027 மே மாசம் அது கழண்டு போகும்ல. பாத்துக்கிட்டே இருங்க, அன்னைக்கு இதே இடத்துல யாராச்சும் "ஜாவ் எப்படி கீழ போனாரு"ன்னு கேப்பாங்க.

மூலைப்பை

நடுவுல அவரு சும்மாவா இருப்பாரு, ரெண்டு மூணு பட்டம் அடிச்சு ரொப்பிட மாட்டாரா. 2021லயே யுகே சாம்பியன்ஷிப் ஃபைனல்ல ப்ரெசெல 10-5ல அடிச்ச ஆளு.

அப்புறம் கருப்பு_ஏழு அண்ணே, கொச்சி போயிருக்கீங்க, ஊட்டி கிளப் போயிருக்கீங்களா? 1882ல இந்த ஆட்டத்துக்கு ரூல்ஸ் எழுதி சுவத்துல மாட்டினது அங்கதான்.

கருப்பு_ஏழு

வாசல் வரைக்கும் போனேன். மெம்பரான்னு கேட்டாங்க. திரும்பி வந்துட்டேன்.