லிம்ப் மோடுக்கு "முடக்க நிலை" வேண்டாம், "கரைசேர் ஓட்டம்" எப்படி இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம்.

வண்டில ஒரு சென்சார் கெட்டா, எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர் (ஈசிஎம்) வண்டியை நிறுத்தாம தோராயக் கணக்குல ஓட்டற நிலையைத்தான் லிம்ப் மோடுங்கறோம். அதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு இங்க நடந்த பேச்சுல ஐயா "முடக்க நிலை"ன்னாங்க, தம்பி "நொண்டி நடை"ன்னு எழுதிருந்தார். எனக்கு ரெண்டுமே ஒப்பல. ஏன்னு என் வண்டில நடந்ததை வச்சே சொல்லிடறேன்.

நான் இருக்கறது ராமேஸ்வரம் பக்கத்துல கடலோரம் இருக்கற மண்டபம் ஊர்ல. வண்டி 2003 மாடல் எம்பிஎஃப்ஐ (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வச்சது) பெட்ரோல். இதுக்கு ஸ்கேனரெல்லாம் ஒத்து வராது, டயக்னோசிஸ் கப்ளர்ல (பழுது பாக்கறதுக்குன்னு இருக்கற ஒயர் இணைப்பு) ரெண்டு பின்னை ஒயர் வச்சுச் சேத்துட்டு செக் எஞ்சின் லைட் எத்தனை தடவ மின்னுதுன்னு உக்காந்து எண்ணணும், ஒரு மின்னு, கொஞ்சம் இடைவெளி, ரெண்டு மின்னுன்னா 12, அதாவது எல்லாம் சரி.

ரெண்டு மாசமா மைலேஜ் போச்சு, பெட்ரோல் வாடை, சூட்டுல ஸ்டார்ட் ஆக அடம், பிளக்கைக் கழட்டினா கரி. எண்ணிப் பாத்தா 12 தான் வருது! அப்புறம் ஒருநாள் ராமேஸ்வரத்துல இருந்து திரும்பறப்ப பாம்பன் பாலத்து மேல லைட் எரிஞ்சிடுச்சு, ரேடியேட்டர் ஃபேனும் சுத்த ஆரம்பிச்சு நிக்கவே இல்ல. ஆனா எஞ்சின் அதுவரைக்கும் இருந்த திணறல் போய் நல்லா இழுத்துச்சு.

வீட்டுக்கு வந்து எண்ணினா 14. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் சர்க்யூட் ஓப்பன், அதாவது எஞ்சின் தண்ணியோட சூட்டை அளக்கற சென்சாரோட இணைப்பு எங்கயோ அத்திருக்கு. மெக்கானிக் "சென்சாரை மாத்திருவோம்ணே"ன்னார். நான் மொதல்ல அந்த சென்சாரோட கப்ளரைப் பிடுங்கிப் பாத்தேன், உள்ள பச்சைப் பசேல்னு களிம்பு, ஒரு பின் விரல் பட்டதும் பொடிஞ்சு கையோட வந்துடுச்சு. உப்புக்காத்து வேலை. சென்சாரை மீட்டர்ல அளந்தா ஆறின எஞ்சின்ல 2 கிலோ ஓம் (2000 ஓம்) சொச்சம், அது நல்லாத்தான் இருக்கு.

இப்பதான் புரிஞ்சுது. இந்த சென்சார் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையற வகை, 80 டிகிரில 300 ஓம் பக்கம் வந்துடும். களிம்பு நடுவுல உக்காந்து ஒரு 2000 ஓமைக் கூட்டுச்சுன்னா கொதிக்கிற எஞ்சினை ஈசிஎம் 20 டிகிரின்னு நம்பி பெட்ரோலை அள்ளி ஊத்தும். 20 டிகிரிங்கறது நடக்கக்கூடிய அளவுதானே, அதனால அதுக்கு சந்தேகமே வராது, லைட்டும் எரியாது. பின் முழுசா அத்துப்போனப்ப மைனஸ் 40னு காட்டிருக்கும், அப்பதான் இது பொய்னு கண்டுபிடிச்சு, சென்சாரை ஒதுக்கிட்டு, தன்கிட்ட இருக்கற ஒரு சூடான எஞ்சின் மதிப்பை வச்சு ஓட்டிருக்கு. ஃபேனை விடாம சுத்த விட்டதும் எஞ்சின் கொதிச்சுடக் கூடாதுன்னுதான். மேப் சென்சார் (எஞ்சினுக்குள்ள போற காத்தோட அழுத்தத்தை அளக்கறது) போனாலும் இதே மாதிரிதான், நிறைய வண்டில த்ராட்டில் (காத்து உள்ள போற வழியில இருக்கற கதவு) எவ்வளவு தொறந்திருக்கு, ஆர்பிஎம் எவ்வளவுன்னு பாத்து கணக்குப் போட்டுக்கும்.

இதைப் போய் முடக்கம்னு எப்படிங்க சொல்றது? அன்னிக்கு என்னை வீட்டுக்குக் கொண்டாந்ததே அதுதான். நொண்டிங்கறது இங்கிலீஷ் சொல்லை அப்படியே பேத்து வச்சது, வண்டி எப்படிப் போகுதுன்னு மட்டும் சொல்லுது, எதுக்குப் போகுதுன்னு சொல்லல. எங்க மாமா விசைப்படகுல போனவர். நடுக்கடல்ல எஞ்சின் மக்கர் பண்ணினா ஆட்களுக்கு இருக்கற ஒரே நெனப்பு கரை சேரணும்ங்கறதுதான், மீன்பாடெல்லாம் அப்புறம். ஈசிஎம்முக்குள்ள எழுதி வச்சிருக்கறதும் அதேதான். அதனால கரைசேர் ஓட்டம். ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, இலக்கணத்துலயும் இடிக்காது. "வண்டி கரைசேர் ஓட்டத்துக்குப் போயிடுச்சு"ன்னு பட்டறையில சொல்லிப் பாத்தேன், யாரும் அர்த்தம் கேக்கல.

பொண்ணைக் கரை சேக்கறதுன்னு வேற பொருள்ல வருமேன்னு அக்கா கேட்டிருந்தாங்க. வரட்டும்க்கா, பழகின சொல்லா இருக்கறது நல்லதுதானே, "ஓட்டம்" கூட சேர்றப்ப குழப்பம் வராது.

இன்னொண்ணு பாக்கி இருக்கு. சென்சாருக்குப் பதிலா ஈசிஎம் எடுத்துக்கற மதிப்புக்கு "பதில் மதிப்பு"ன்னா சென்சார் குடுக்கற பதில்னு நெனச்சுடுவாங்க. "கரைசேர் மதிப்பு"ன்னே வச்சுக்கலாமா, இல்ல "ஈட்டுமதிப்பு"ன்னு தனியா வைக்கலாமா? எனக்கு "கரைசேர் மதிப்பு"தான் பிடிச்சிருக்கு. பட்டறையில இருக்கறவங்க சொல்லுங்க.